64 ஜிபிக்குள் ஒரு விண்டோஸ்: வெட்டியதும், வெட்டக் கூடாததும்

மாலை வகுப்புப் பிள்ளைகளுக்காக 11 பழைய மடிக்கணினிகள் என்னிடம் வந்து சேர்ந்தன. எல்லாவற்றிலும் 4 ஜிபி ராம், பலகையோடு பற்றவைத்த 64 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்ச அளவும் அதுவேதான். அதாவது வாசற்படியில் நிற்கிற கணினிகள். உள்ளே போகலாம், உட்கார இடம் கிடையாது. தட்டச்சும் விரிதாளும் பழகுவதற்கு விளையாட்டு மேலடுக்கும் செய்தித் துணுக்கும் எதற்கு? ஆகவே நிறுவும் படிமத்தையே, அதாவது விண்டோஸ் முழுவதும் அடங்கிய நிறுவல் கோப்பையே, செதுக்கி, ஒரே பென்டிரைவில் பதினொன்றையும் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இது எனக்குப் புதிய பழக்கம் இல்லை. எக்ஸ்பி காலத்தில் என்லைட் என்ற கருவியை வைத்துக்கொண்டு இரவெல்லாம் குறிப்பெட்டிகளை டிக் செய்தவன் நான். குறுவட்டு எவ்வளவு சிறியதாகிறதோ அவ்வளவு பெருமை. அந்தப் பெருமைக்கு நான் கொடுத்த விலையைக் கீழே சொல்கிறேன். இப்போது எனக்கு இருப்பது ஒரே விதி: திரும்ப ஒட்டத் தெரிந்ததை மட்டும்தான் வெட்டுவேன். விண்டோஸே கொடுக்கும் வழியில் நீக்கினால், விண்டோஸே கொடுக்கும் வழியில் திரும்பப் பெறலாம். வேரோடு பிடுங்கினால் அந்தக் குழிக்குள் நாமே விழுவோம்.

முதலில் இடம் எங்கே போகிறது என்று பாருங்கள்

வெட்டத் தொடங்குவதற்கு முன் வெட்டாத விண்டோஸை ஒரு கணினியில் நிறுவி, அளந்து, குறித்து வையுங்கள். நான் இதைச் செய்யாமல் விட்டிருந்தால் இரண்டு வாரம் வீணாகியிருக்கும்.

ஏனென்றால் விண்டோஸ் தன் கூறுகளைச் சேமித்து வைக்கும், எல்லோரும் குறை சொல்லும் வின்-எஸ்எக்ஸ்எஸ் கோப்புறை உண்மையில் அவ்வளவு பெரியது இல்லை. அதற்குள் இருக்கும் கோப்புகளில் பெரும்பகுதி சிஸ்டம்32 போன்ற இடங்களிலும் தெரியும். ஆனால் வட்டில் இருப்பது ஒரே பிரதி, அதற்கு இரண்டு பெயர்கள். கோப்பு உலாவி இரண்டு பெயரையும் தனித்தனியாக எண்ணிக் கூட்டிச் சொல்கிறது. உண்மை அளவு வேண்டுமானால், படிமங்களைப் பராமரிக்க விண்டோஸோடே வரும் டிஸ்ம் கட்டளையில் 'அனலைஸ் காம்பொனன்ட் ஸ்டோர்' என்பதைக் கேளுங்கள். உலாவி காட்டும் அளவு, உண்மையான அளவு, விண்டோஸோடு பகிர்ந்துகொள்ளும் அளவு என்று பிரித்துக் காட்டும். தயவுசெய்து அந்தக் கோப்புறைக்குள் கையை விட்டு எதையும் அழிக்காதீர்கள்.

உண்மையில் இடத்தைப் பிடித்திருப்பவர்கள் வேறு மூவர். ஒன்று, ராமில் இருப்பதை வட்டில் எழுதிவிட்டுக் கணினியை அணைக்கும் ஹைபர்னேஷனுக்கான கோப்பு. வழக்கமாக ராமின் அளவில் 40 சதவீதம். என் கணினிகளில் அது 1.6 ஜிபி. இரண்டு, அப்டேட்டுகளுக்காக விண்டோஸ் ஒதுக்கி வைத்துக்கொள்ளும் இடம். சுமார் 7 ஜிபி. மூன்று, சுருக்காமல் விரித்து வைத்த கணினிக் கோப்புகள். இவற்றைச் சுருக்கி வைக்க 'காம்பாக்ட் ஓஎஸ்' என்ற வசதி இருக்கிறது. எனக்கு 2 ஜிபிக்கு மேல் மிஞ்சியது. சில நேரம் விண்டோஸ் தானே சுருக்கி வைத்திருக்கும், அதனால் முதலில் நிலையைக் கேட்டுவிட்டுப் பிறகு கட்டளை கொடுங்கள்.

இந்த மூன்றையும் கையாள மூன்று கட்டளைகள் போதும். ஆப்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி நான் மிச்சப்படுத்தியதோ மொத்தம் ஒன்றரை ஜிபிகூட வரவில்லை. இதைச் சொல்லாமல் செதுக்கலைப் பற்றி மட்டும் எழுதினால் உங்களை ஏமாற்றியவனாவேன். ஒதுக்கிய இடத்தை விடுவித்தால் ஒரு பொறுப்பு நம் தலையில் ஏறுகிறது: வட்டு நிரம்பிவிட்டால் அப்டேட் நின்றுபோகும். அதற்காகவே பிள்ளைகளின் கோப்புகளைக் கணினியில் வைக்காமல் ஆளுக்கொரு பென்டிரைவில் வைக்கப் பழக்கினேன். ஹைபர்னேஷனை நிறுத்தினால் வேகத் தொடக்கமும் சேர்ந்து நின்றுவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

அப்படியானால் ஆப்களை ஏன் வெட்ட வேண்டும்? 4 ஜிபி ராமில் பின்னால் ஓடுபவைதான் கணினியை இழுக்கின்றன. வட்டில் சும்மா கிடப்பவை இழுப்பதில்லை. ஒரு கோப்பு கிடந்தால் கிடக்கட்டும், ஓடக் கூடாது. இந்த வேறுபாடு பிடிபட எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

படிமத்தைத் திறப்பது

மைக்ரோசாஃப்ட்டின் தளத்திலிருந்தே ஐஎஸ்ஓவை (நிறுவல் வட்டின் முழுப் பிரதியான கோப்பை) இறக்குங்கள். யாரோ ஏற்கெனவே செதுக்கி இணையத்தில் போட்டிருக்கும் படிமத்தைத் தொடாதீர்கள். அதில் எதை எடுத்தார்கள் என்று பட்டியல் போட்டிருப்பார்கள். எதைச் சேர்த்தார்கள் என்று யாரும் போடமாட்டார்கள். இறக்கிய கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் மதிப்பைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிட்டுவிடுங்கள், இரண்டு நிமிட வேலை.

ஐஎஸ்ஓவின் உள்ளடக்கம் முழுவதையும் வட்டில் ஒரு கோப்புறைக்குப் படியெடுங்கள். 'சோர்ஸஸ்' என்ற கோப்புறைக்குள் இன்ஸ்டால் என்ற பெயரில் ஒரு பெரிய கோப்பு இருக்கும். அதன் பெயரின் வால் (கோப்பு வகையைச் சொல்லும் பின்னொட்டு) 'விம்' என்றால் நல்லது. 'இஎஸ்டி' என்றால் அதை நேரடியாகத் திறந்து மாற்ற முடியாது. டிஸ்மின் ஏற்றுமதிக் கட்டளையால் முதலில் விம் ஆக்க வேண்டும். ஐஎஸ்ஓவிலிருந்து படியெடுத்த கோப்பு 'படிக்க மட்டும்' என்ற குறியோடு வரும். அதை எடுக்காமல் மவுன்ட் செய்ய, அதாவது உள்ளே இருப்பதைக் கோப்புறையாகத் திறக்க, போனால் அனுமதி இல்லை என்று கதவைச் சாத்தும். முதல் நாள் மாலை முழுவதையும் எனக்குத் தின்றது இந்த ஒற்றை டிக்.

ஒரே விம் கோப்புக்குள் ஹோம், ப்ரோ என்று பல பதிப்புகள் வரிசை எண்ணோடு இருக்கும். உங்களுக்கு எது வேண்டும் என்று எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மற்ற பதிப்புகளை நீக்கினால் கோப்பு பாதியாகும் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். பதிப்புகளுக்குப் பொதுவான கோப்புகள் விம்முக்குள் ஒரே ஒருமுறைதான் சேமிக்கப்பட்டிருக்கும்.

என்டிஎஃப்எஸ் வட்டில் ஒரு வெற்றுக் கோப்புறை உருவாக்கி, அதன் பெயரைச் சின்னதாக வைத்து, நிர்வாகி உரிமையோடு திறந்த கட்டளைச் சாளரத்திலிருந்து மவுன்ட் செய்யுங்கள். குறைந்தது 20 ஜிபி காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யும் கணினியின் டிஸ்ம், படிமத்தின் பதிப்புக்குச் சமமாகவோ புதியதாகவோ இருக்க வேண்டும். பழைய டிஸ்மால் புதிய படிமத்தைக் கிளறாதீர்கள். கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து நான் இங்கே தரவில்லை. டிஸ்ம் என்று அடித்துச் சாய்கோடும் கேள்விக்குறியும் சேர்த்தால், உங்கள் பதிப்புக்கு உரிய வடிவத்தைத் திரையே சொல்லும். அதைப் பார்த்து அடிப்பதுதான் பத்திரம்.

தயக்கமில்லாமல் வெட்டக்கூடியவை

படிமத்தில் முன்கூட்டியே ஏற்றி வைத்த ஆப்களின் பட்டியலை எடுத்து ஓர் உரைக் கோப்பில் சேமியுங்கள். புதிதாக யார் கணக்குத் தொடங்கினாலும் இந்தப் பட்டியலில் உள்ளவைதான் அவர் கணக்கில் வந்து உட்காரும். படிமத்திலேயே எடுத்துவிட்டால், 11 கணினிகளில் எத்தனை பிள்ளைகளுக்குக் கணக்குத் தொடங்கினாலும் வராது. நிறுவிய பிறகு ஒவ்வொரு கணக்காக அழிப்பவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

நான் எடுத்தவை: செய்தி, வானிலை, சாலிடேர், கிளிப்சாம்ப், கருத்துப் பெட்டி, உதவி பெறும் ஆப், ஃபோன் லிங்க், தனிநபருக்கான டீம்ஸ். எக்ஸ்பாக்ஸ் தொடர்பானவற்றையும் எடுத்தேன். விளையாடும் கணினியாக இருந்தால் கேமிங் ஓவர்லேயை மட்டும் விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டத்தைத் திறக்கும்போதெல்லாம் 'இந்த இணைப்பைத் திறக்க ஓர் ஆப் வேண்டும்' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும்.

எடுக்காதவை: ஸ்டோர், ஆப் இன்ஸ்டாலர், பாதுகாப்புச் சாளரம், ஹெய்ஃப், வெப்பி, விபி9 ஆகிய படக் காட்சி நீட்டிப்புகள். ஸ்டோரை எடுப்பதில் சிலருக்கு ஒரு வீரம். எடுத்தவற்றைத் திரும்பக் கொண்டுவரும் வாசலே அதுதான். வாசலை அடைத்துவிட்டு எந்த வழியாக வருவது? ஹெய்ஃபை எடுத்தால் புதிய ஃபோன்களில் எடுத்த படங்கள் திறக்காது. வி-சி-லிப்ஸ், யுஐ ஸாமல் என்று பெயர் கொண்டவை கண்ணில் பட்டால் அவை ஆப்கள் இல்லை, மற்ற ஆப்கள் சாய்ந்து நிற்கும் தூண்கள்.

அடுத்தது, 'கேப்பபிலிட்டி' எனப்படும் விருப்பக் கூறுகள். பவர்ஷெல் ஐஎஸ்இ, பழைய மீடியா பிளேயர், கணித உள்ளீட்டுப் பலகை, முகம் பார்த்துத் திறக்கும் ஹலோ, படிகளைப் பதிவு செய்யும் ஸ்டெப்ஸ் ரெக்கார்டர் போன்றவை இந்தக் குடும்பம். பதிப்புக்குப் பதிப்பு பட்டியல் மாறும். எடுத்தாலும் பின்னால் அமைப்புகள் வழியாகத் திரும்ப இறக்கலாம் என்பதால் இவற்றில் கை தாராளமாகப் போகலாம். தமிழர்களுக்கு ஒரு குறிப்பு: நிர்மலா எழுத்துரு எல்லா விண்டோஸிலும் இருக்கும், ஆனால் லதாவும் விஜயாவும் தமிழ்த் துணை எழுத்துருக்கள் என்ற தனிக் கூறில்தான் வருகின்றன. பழைய கோப்பு ஒன்று லதாவில் எழுதியதாக இருந்து, புதிய கணினியில் வேறு தோற்றத்தில் தெரிந்தால், நீங்கள் எதையோ வெட்டிவிட்டதாகப் பதற வேண்டாம். அந்தக் கூறைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

'ஃபீச்சர்' என்பது மூன்றாவது குடும்பம். இவற்றை முடக்கும்போது 'ரிமூவ்' என்பதையும் சேர்த்தால் கோப்புகளும் போகும். பெயர் மட்டும் பட்டியலில் நிற்கும், தேவைப்பட்டால் மூலத்திலிருந்து திரும்ப எடுக்கலாம். வொர்க் ஃபோல்டர்ஸ், எக்ஸ்பிஎஸ் சேவை ஆகிய இரண்டை எடுத்தேன். இந்தக் குடும்பத்தில் மிச்சமாவது அற்பம். அதிக நேரம் செலவிடாதீர்கள்.

கத்தியைக் கீழே வைத்த இடம்

இனி, டிஸ்ம் தொட மறுக்கும் நிரந்தரக் கூறுகள். வெளிக் கருவிகள் இவற்றையும் பிடுங்கித் தரும். என்லைட் பரம்பரையில் வந்த என்டிலைட் இன்று பரவலாகப் பயன்படுவது. அச்சிடுதல் வேண்டும், வைஃபை வேண்டும் என்று முதலில் சொல்லிவிட்டால் அவற்றுக்குத் தேவையான கூறுகளைப் பூட்டி வைக்கும் வசதி அதில் இருக்கிறது. பயன்படுத்துவதானால் அந்தப் பூட்டைத் திறக்காமல் பயன்படுத்துங்கள். நான் பூட்டுகளைத் திறந்து பார்க்கிற சாதி. என் கதைகளைக் கேளுங்கள்.

வீட்டில் அச்சுப்பொறி இல்லை என்று அச்சிடும் சேவையையே ஒருமுறை வேரோடு எடுத்தேன். அச்சுப்பொறி இல்லாத வீட்டிலும் பிடிஎஃப் ஆகச் சேமிப்பது அச்சிடும் வழியாகத்தான் என்பது அப்போது தோன்றவில்லை. அது மட்டுமில்லை, என் கணக்கு மென்பொருள் அறிக்கையைத் திறக்கவே மறுத்தது. பக்கத்தின் அகலத்தை அது இயல்பு அச்சுப்பொறியிடம்தான் கேட்கும், கேட்க ஆளில்லை.

இன்னொரு முறை, 'போர்ட்டபிள் டிவைசஸ்' என்ற கூறை எடுத்துவிட்டுத் தங்கைக்குக் கணினியைக் கொடுத்தேன். மூன்றாம் நாள் அழைத்தாள்: "அண்ணா, ஃபோனைச் செருகினால் சார்ஜ் மட்டும்தான் ஏறுகிறது, படங்கள் எங்கே?" ஃபோனும் விண்டோஸும் பேசிக்கொள்ளும் எம்டிபி மொழியையே நான் எடுத்திருந்தேன்.

மிகவும் வெட்கமானது மூன்றாவது. தொடுதிரை இல்லாத கணினிக்குத் தொடுவிசைப்பலகை எதற்கு என்று அதன் சேவையையும் துணைக் கூறுகளையும் நீக்கினேன். மறுநாள் ஸ்டார்ட் மெனுவின் தேடல் பெட்டியில் எழுத்தே விழவில்லை. மற்ற இடங்களில் விழுந்தது, அங்கே மட்டும் விழவில்லை. விசைப்பலகையை மாற்றினேன், டிரைவரை மாற்றினேன், கேபிளைக்கூடச் சந்தேகப்பட்டேன். புதிய வகைப் பெட்டிகளில் தட்டச்சு செல்வதே அந்த உள்ளீட்டுச் சேவை வழியாகத்தான் என்று புரிய இரண்டு நாள் ஆனது.

மூன்றிலும் தவறு கருவியுடையது அல்ல, என்னுடையது. பெயரைப் பார்த்து வேலையை ஊகித்தேன். இவற்றைவிடப் பெரிய சிக்கல் பின்னால் வரும். மாதாந்திர அப்டேட், தான் மாற்றவேண்டிய கூறுகள் இருக்கின்றன என்று நம்பித்தான் வருகிறது. வேரோடு பிடுங்கிய கூறு ஒன்றை அது தேடும்போது மூலக் கோப்பு கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. அதையும் தாண்டிப் பெரிய பதிப்பு மாற்றம் முழுப் படிமமாக வந்து இறங்கினால், நீங்கள் வியர்வை சிந்திப் பிடுங்கியவை எல்லாம் அமைதியாகத் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். ஆகவே டிஃபெண்டர், அப்டேட் சேவை, எட்ஜோடு வந்து ஆப்களுக்குள் இணையப் பக்கத்தைக் காட்டும் வெப்வியூ2, மீட்புப் படிமம் ஆகிய நான்கின் பக்கம் இப்போது நான் போவதில்லை. வெப்வியூவை மற்ற நிறுவனங்களின் மென்பொருள்கள்கூட நம்பியிருக்கின்றன. மீட்புப் படிமத்தை எடுத்தால் சில நூறு எம்பி கிடைக்கும். கணினி ஒருநாள் படுத்தால் எழுப்ப ஆளிருக்காது.

வெட்டாமல் வாயடைப்பது

ஒன்டிரைவ் போன்றவற்றைப் பிடுங்கத் தேவையே இல்லை. மவுன்ட் செய்த படிமத்தில் 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் 'டிஃபால்ட்' என்று ஒரு கணக்கு இருக்கும். இனிப் பிறக்கப்போகும் எல்லாக் கணக்குகளுக்கும் அதுதான் அச்சு. அதன் என்டியூசர் கோப்பை விண்டோஸின் அமைப்புப் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் ஏற்றி, 'ரன்' சாவியில் இருக்கும் ஒன்டிரைவ் செட்டப் வரியை அழித்தால் போதும். நிறுவி அப்படியே கிடக்கும், ஓடாது. வேண்டுமானால் பின்னால் கையால் ஓட்டிக்கொள்ளலாம். அதே கோப்பில் 'கன்டென்ட் டெலிவரி மேனேஜர்' சாவியின் கீழ், ஆப்களைச் சத்தமில்லாமல் நிறுவ அனுமதிக்கும் மதிப்பைப் பூஜ்ஜியமாக்கினேன். இதற்காகவே ஒரு கொள்கை அமைப்பு தனியாக இருக்கிறது, ஆனால் அது எண்டர்பிரைஸ், எஜுகேஷன் பதிப்புகளில்தான் பலிக்கும். ஹோமிலும் ப்ரோவிலும் அதை எழுதி வைத்துவிட்டு ஏன் பலிக்கவில்லை என்று தலையைச் சொறிபவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வேலை முடிந்ததும் ஏற்றிய ரெஜிஸ்ட்ரிக் கோப்பை மறக்காமல் இறக்குங்கள். மறந்தால் படிமத்தை மூட முடியாது.

மூடுவதும் சுருக்குவதும்

அப்டேட்டைப் படிமத்திலேயே சேர்ப்பதானால் வரிசை முக்கியம். மொழியோ கூறோ சேர்ப்பதை முதலில் முடியுங்கள், பிறகு அப்டேட், அதற்குப் பிறகு 'ஸ்டார்ட் காம்பொனன்ட் கிளீனப்' துப்புரவு. அதோடு 'ரீசெட் பேஸ்' சேர்த்தால் பழைய பிரதிகள் முற்றாகப் போகும், ஆனால் அதுவரை சேர்த்த அப்டேட்டுகளைப் பின்னால் நீக்க முடியாது. பழைய மென்பொருளுக்காக டாட்நெட் 3.5 வேண்டுமென்றால் துப்புரவுக்குப் பிறகு சேருங்கள். முன்னால் சேர்த்தால் பாதி வேலை முதல் தொடக்கத்துக்காகக் காத்துக் கிடக்கும், அந்த நிலையில் துப்புரவு ஓடாது.

பிறகு 'கமிட்' சொல்லி மூடுங்கள். மூடும் முன் அந்தக் கோப்புறையைக் காட்டும் எல்லாச் சாளரங்களையும் மூடுங்கள். கட்டளைச் சாளரமே அந்தக் கோப்புறைக்குள் நின்றுகொண்டிருந்தால்கூட மூட மறுக்கும். பாதியில் சிக்கிக்கொண்டால் கோப்புறையை அழிக்க முயலாமல் 'கிளீனப் மவுன்ட்பாயின்ட்ஸ்' கட்டளையைக் கொடுங்கள்.

மூடியதும் கோப்பின் அளவைப் பார்த்துப் பதறுவீர்கள். இவ்வளவு வெட்டியும் குறைந்திருக்காது. சில நேரம் கூடியிருக்கும். விம் கோப்பில் நீக்கம் என்பது பட்டியலிலிருந்து பெயரை அடிப்பதுதான், சரக்கு உள்ளேயே கிடக்கும். உங்களுக்கு வேண்டிய பதிப்பை மட்டும் உச்சச் சுருக்கத்தோடு புதிய விம் கோப்புக்கு ஏற்றுமதி செய்து, பழையதன் இடத்தில் அதே பெயரில் வையுங்கள். அப்போதுதான் உண்மையான அளவு தெரியும்.

பிறகு நேராகக் கணினிக்குப் போகாதீர்கள். மெய்நிகர் இயந்திரத்தில் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினியில்) நிறுவி, திரும்பி வர வசதியாக அந்த நிலையை ஸ்நாப்ஷாட் எடுத்து, நான் அடிபட்ட இடங்களையெல்லாம் தட்டிப் பாருங்கள்: தேடல் பெட்டியில் தட்டச்சு, பிடிஎஃப் ஆகச் சேமிப்பது, ஸ்டோர் திறப்பது, வைஃபை பட்டியல், தமிழ் விசைப்பலகை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு மாதாந்திர அப்டேட். ஃபோன் செருகுவதை மட்டும் நிஜக் கணினியில்தான் பார்க்க முடிந்தது. எதை வெட்டினீர்களோ அதைத் தேதியோடு உரைக் கோப்பில் எழுதி, ஐஎஸ்ஓவின் பக்கத்திலேயே வையுங்கள். ஒரு முறைக்கு ஒரு குடும்பத்தை மட்டும் வெட்டிச் சோதித்தால் குற்றவாளியைப் பிடிப்பது எளிது.

பென்டிரைவை ஃபேட்32 ஆக வடிவமைத்தால் 4 ஜிபியை எட்டும் கோப்பு அதில் ஏறாது. டிஸ்மின் 'ஸ்பிளிட் இமேஜ்' கட்டளையால் 3800 எம்பி துண்டுகளாக்கினால் நிறுவி தானே சேர்த்துப் படித்துக்கொள்ளும். அசல் விம்மைப் பென்டிரைவில் வைக்க வேண்டாம். என் படிமம் கடைசியில் துண்டாக்காமலே ஏறியது. அதில் பத்து கணினிகள் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முடிந்தன. பதினொன்றாவதில் நிறுவிக்கு வட்டே தெரியவில்லை. சேமிப்பக டிரைவரை, நிறுவியைத் தொடங்கிவைக்கும் பூட் விம்மின் இரண்டாவது படிமத்திலும் சேர்த்து மறுபடி ஏற்ற வேண்டியிருந்தது. அதுவும் உரைக் கோப்பில் ஏறிவிட்டது.